கிகுயேயின் கல்லில் இரண்டு ஊர்

இரண்டு வீட்டாரும் முதன்முதலாகச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடப்போகும் இடம் எது என்று கேட்டு, மாப்பிள்ளையின் அப்பா ஒசாகாவிலிருந்து மூன்று தடவை போன் செய்துவிட்டார். பெரிய ஓட்டலில் தனி அறை பிடிக்கலாம் என்றார். ஆற்றங்கரையில் பாய் விரித்துப் பரிமாறும் பழைய விடுதி ஒன்றைத் தானே விசாரித்து வைத்திருப்பதாகவும் சொன்னார். மிசாவோ மூன்று தடவையும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"நாங்க எங்க சாப்பிடுவோமோ அங்கதான், உமேமோட்டோ சான். கிகுயே கடை. பன்னிரண்டுக்கு வந்துடுங்க, அதுக்கு மேல வந்தா நிக்கத்தான் இடம் இருக்கும்."

மகள் சிஹோ தலையில் கை வைத்துக்கொண்டாள். "சம்பந்தி வீட்டாரை யாராவது ஒகோனோமியாகி கடைக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம்மா? அவர் கோட்டு டையெல்லாம் போட்டுக்கிட்டு வருவாரு."

"வரட்டுமே. கோட்டு போட்டவருக்குப் பசிக்காதா?"

மிசாவோ கொஹாராவுக்கு ஐம்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருடமாக ஹிரோஷிமாவின் தெருக்களில் டிராம் ஓட்டுகிறாள். தண்டவாளத்தில் குறுக்கே வரும் கார்க்காரனுக்கு ஒரே ஒரு மணி அடிப்பாள். அடுத்த மணிக்கு வேலை வைத்தவர்கள் குறைவு. சிஹோவுக்கு நாலு வயதாக இருக்கும்போது கணவன் பிரிந்து போனான். அன்று அழுததோடு சரி, அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்து அவள் அழுததை யாரும் பார்த்ததில்லை. தனக்கு எது தெரியும், எது தெரியாது என்பதில் அவளுக்குக் குழப்பமே கிடையாது. தெரிந்த இடத்தில் பேசுவாள், தெரியாத இடத்தில் கேட்டுக்கொள்வாள். சம்பந்தியை எங்கே உட்கார வைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம்.

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஒகோனோமியாகி என்ற முட்டைக்கோஸ் அடைக்குப் பேர்போன அந்தக் கடையில் பத்தே பத்து நாற்காலிகள், அவ்வளவும் கல்லைப் பார்த்தபடி ஒரே வரிசை. கல் என்றால் இரண்டு மூன்று ஆள் வரிசையாகப் படுக்கக்கூடிய நீளத்தில், விரல் தடிமனுக்கு இரும்புப் பலகை. அதற்கு அந்தப் பக்கம் கிகுயே, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் இரண்டு தோசைத்திருப்பியோடு நின்றாள். ஒசாகாக்காரர்களுக்கு ஆகாத உள்ளூர் பேஸ்பால் அணியின் சிவப்புக் கொடி சுவரில் தொங்கியது. ஒசாகாவிலிருந்து வந்த மனிதரின் கண்ணில் முதலில் பட்டதே அதுதான். அவர் மூக்கு ஒரு தடவை சுருங்கியதை மிசாவோ கவனித்தாள்.

உமேமோட்டோ கனத்த உடம்புக்காரர், குரலும் கனம். ஒசாகாவில் பதினாலு பேர் வேலை செய்யும் திருகாணிப் பட்டறைக்கு முதலாளி. அவர் மனைவி ஃபுசாயே சின்ன உருவம், கழுத்தில் முத்துமாலை, வாய் திறக்காத முகம். அவர்களுடைய மகன் ஷுன்பேதான் மாப்பிள்ளை. நாலு வருடமாக ஹிரோஷிமாவில் இருக்கிறான். பாலங்களின் உறுதியைச் சோதித்துப் பார்க்கும் பொறியாளர் வேலை. பாலத்துக்கு அடியில் கயிற்றில் தொங்கச் சொன்னால் சிரித்துக்கொண்டே தொங்குவான். அப்பா முன்னால் மட்டும் அவனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

குனிந்து வணங்கி, பலகாரப் பெட்டியைக் கைமாற்றி, குளிரைப் பற்றி நாலு வார்த்தை பேசி, ஐந்து பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். இந்தப் பக்கம் உமேமோட்டோ, அந்தப் பக்கம் மிசாவோ. நடுவில் ஃபுசாயேயும் பிள்ளைகள் இரண்டு பேரும். கிகுயே எல்லோருக்கும் காகித ஏப்ரன் எடுத்துக் கொடுத்தாள். உமேமோட்டோ அதை டையின் மேல் கட்டிக்கொண்டு, கையைத் தேய்த்துக்கொண்டார்.

"சரிக்கா, அந்த ஹிரோஷிமா-யாகி அஞ்சு போடுங்க!"

கடை அப்படியே அடங்கிப்போனது. நாற்காலி வரிசையின் மறு கோடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வேறு இரண்டு பேர் மெல்லுவதை நிறுத்தினார்கள். சிஹோ கண்ணை மூடிக்கொண்டாள்.

கிகுயே நிதானமாக எண்ணெய்த் துணியால் கல்லைத் துடைத்தாள். "அப்படி ஒரு பதார்த்தம் நம்ம கடையில இல்லீங்களே."

"இல்லையா? சுவத்துல எழுதியிருக்கே?"

"சுவத்துல ஒகோனோமியாகின்னு எழுதியிருக்கு. ஊர்ப் பேரைச் சேர்த்துச் சொல்றதெல்லாம் வெளியூர்க்காரங்க வேலை. உங்க அம்மா வெச்ச சூப்பை நீங்க ஒசாகா சூப்புன்னா கேட்டு வாங்கிக் குடிச்சீங்க?"

மறு கோடியிலிருந்தவர்கள் சத்தமாகவே சிரித்துவிட்டார்கள். உமேமோட்டோவுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் விட்டுக்கொடுக்க மனமில்லை. "அப்போ எங்க ஊர்ல நாங்க திங்கறது என்னவாம்?"

"அதுக்கும் ஏதாவது பேர் இருக்கும்" என்றாள் கிகுயே.

மாவை ஐந்து இடத்தில் ஊற்றி, கரண்டியின் முதுகால் தோசை போல மெல்லிசாக இழுத்தாள். மேலே மீன் பொடி. அதற்கு மேல் முடி போல நறுக்கிய முட்டைக்கோஸ் ஒரு குன்று. பிறகு முளைப்பயறு, கொழுப்போடு சீவிய பன்றிக்கறி வில்லைகள். இரண்டு திருப்பிகளையும் அடியில் செருகி ஒரு சுண்டு சுண்டினாள். குன்று அப்படியே தலைகீழாக உட்கார்ந்தது. கோஸ் தன் நீரிலேயே வேகத் தொடங்கி, ஆவி எல்லோர் முகத்திலும் அடித்தது.

உமேமோட்டோ கழுத்தை நீட்டிப் பார்த்தார். "கலக்கவே மாட்டீங்களா? எங்க ஊர்ல மாவு, கோஸ், முட்டை எல்லாத்தையும் ஒரு கிண்ணத்துல அடிச்சு ஊத்துவோம். குடும்பம் மாதிரி. இது என்னடான்னா அபார்ட்மெண்ட் மாதிரி ஒருத்தர் தலை மேல ஒருத்தர் குடியிருக்காங்க!"

"கலந்து ஊத்தினா உள்ள என்ன போட்டாங்கன்னு சமைச்சவங்களுக்கு மட்டும்தான் தெரியும்" என்றாள் மிசாவோ. "இதுல எல்லாம் வெளிச்சம். ஏமாத்த வழியே இல்ல."

"கேட்டியா, ஃபுசாயே? நான் ஏமாத்துறேனாம்."

ஃபுசாயே தண்ணீர் டம்ளரைத் திருப்பி வைத்தாள்.

பக்கத்தில் நூடுல்ஸ் வதங்கியது. கிகுயே குன்றைத் தூக்கி அதன் மேல் உட்கார வைத்தாள். முட்டையை உடைத்துப் பரப்பி, எல்லாவற்றையும் அதன் மேல் ஏற்றி, கடைசியாக ஒரு தடவை புரட்டினாள். சாஸ் கல்லில் வழிந்து சுர்ரென்று கருகிய வாசனை வந்தபோது உமேமோட்டோ பேச்சை மறந்து எச்சில் விழுங்கினார். தட்டு கிடையாது. கல்லிலேயே, சின்னத் திருப்பியால் வெட்டி, ஊதி ஊதிச் சாப்பிட வேண்டியதுதான். முதல் வாயில் நாக்கைச் சுட்டுக்கொண்டார். இரண்டாவது வாயில் கண்ணைச் சுருக்கினார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார், ஏதோ வழக்கில் தோற்றவர் போல. "அக்கா, ஒரு கிண்ணம் சோறு."

"சோறா?" கிகுயே இடுப்பில் கை வைத்தாள். "உள்ளயே நூடுல்ஸ் இருக்கே!"

"ஒகோனோமியாகியோட சோறு இல்லாம எப்படி?"

"இதைத் தொட்டுக்கிட்டுச் சோறு திம்பீங்களா?" சிஹோ தன்னை மறந்து கேட்டுவிட்டாள். ஷுன்பே தலையைக் குனிந்து சிரித்தான். ஒரு நிமிடம் எல்லாம் சுகமாகத்தான் போனது.

அந்தச் சுகத்தில்தான் உமேமோட்டோ ஆரம்பித்தார். "சிஹோவுக்கு ஒசாகா வந்ததும் பழகிடும். வீடுகூடத் தயார் பண்ணிட்டேன். பட்டறைக்கு மேல மாடி. புதுசா சமையலறை போட்டாச்சு, கிழக்குப் பக்கம் ஜன்னல். மார்ச்சுல ஷுன்பே வேலையை விட்டுட்டு வந்துட்டான்னா, ஏப்ரல்லேர்ந்து பட்டறையில உக்காந்துக்கலாம். சிஹோவும் ஆஸ்பத்திரில சொல்லிடணும், முன்கூட்டியே."

சிஹோவின் கையிலிருந்த திருப்பி நின்றது.

மிசாவோவுக்கு விஷயம் தெரியும். ஆகஸ்ட் மாதமே பிள்ளைகள் இரண்டு பேரும் அவள் வீட்டுக்கு வந்து, கல்யாணத்துக்குப் பிறகு ஹிரோஷிமாவிலேயே இருக்கப் போகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். சிஹோ பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்களை நடக்க வைக்கும் பிரிவு முழுவதும் அந்தக் கோடையில்தான் அவள் பொறுப்புக்கு வந்திருந்தது. "எங்க வீட்ல நான் சொல்லிடறேன்" என்று ஷுன்பே அன்று மார்தட்டினான். ஆகஸ்ட் போய், செப்டம்பர் போய், அக்டோபரும் போய்விட்டது. பையன் சொல்லவில்லை என்பது இப்போது அந்தக் கல்லைப் போலப் பளிச்சென்று தெரிந்தது. அவன் காது மடல் சிவந்திருந்தது. முட்டைக்கோஸை அப்படி ஒரு சிரத்தையோடு வெட்டிக்கொண்டிருந்தான்.

நாமே சொல்லிவிடலாமா என்று மிசாவோ ஒரு கணம் யோசித்தாள். வேண்டாம் என்று பட்டது. வாழப் போகிறவன் அவன்.

"ஷுன்பே" என்றாள். "கோஸ் எங்கயும் ஓடிப் போயிடாது. அப்பா கேக்கறாரு பாரு."

ஷுன்பே நிமிர்ந்தான். "அப்பா... அது வந்து... அதைப் பத்தி இன்னும் நாங்க சரியா..."

"என்ன சரியா? ஜன்னல் கிழக்குலதான் வெச்சிருக்கு!"

"ஜன்னல் இல்லப்பா..." மறுபடியும் தலை குனிந்துகொண்டது.

உமேமோட்டோ மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். சிஹோவின் உதடு இறுகியிருந்தது. ஏதோ சரியில்லை என்பது அவருக்கும் உறைத்துவிட்டது. ஆனால் அதைக் கேட்கத் துணிச்சல் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. கோபம் வேறு பக்கம் திரும்பியது.

"இந்த ஊர்ச் சாப்பாட்டைத் தின்னு தின்னு என் பையன் வாயே அடங்கிப்போச்சு! ஒசாகா ருசியே மறந்துட்டான்." நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அக்கா, அந்தக் கல்லை ஒரு கால்மணி நேரம் எனக்குக் குடுங்க. அசல் எப்படி இருக்கும்னு காட்டறேன்."

கிகுயே அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மணி ஒன்றேகால். கூட்டம் குறைந்துவிட்டது. "கடை வெச்சு இருபத்தாறு வருஷமாச்சு. என் கல்லுல வேற கை பட்டதில்ல" என்றவள், மிசாவோவைப் பார்த்தாள்.

"குடுக்கா" என்றாள் மிசாவோ. "கோபத்தைக் கல்லுகிட்ட காட்டட்டும். பிள்ளைங்ககிட்ட காட்டறதுக்கு அது எவ்வளவோ மேல்."

கிகுயே ஒதுங்கி நின்றாள். உமேமோட்டோ கோட்டைக் கழற்றி மகன் மடியில் போட்டார், சட்டைக் கையைச் சுருட்டினார், கையைக் கழுவினார். வள்ளிக்கிழங்கு இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, வேறு ஒரு வறுவலுக்காக. அதைத் துருவி மாவில் போட்டு, கோஸைப் பொடியாக நறுக்கி, முட்டையை உடைத்து, கரண்டியால் கீழிருந்து மேலாகக் காற்றை அள்ளி அள்ளிக் கலக்கினார். அவ்வளவு பெரிய கை எவ்வளவு மெதுவாக அசைந்தது என்பதைப் பார்த்து மிசாவோ அசந்துபோனாள்.

"இவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று ஃபுசாயேயின் பக்கம் சாய்ந்து கேட்டாள்.

ஃபுசாயே அன்று முதன்முதலாகச் சிரித்தாள். "இருபது வயசுல அவங்க சித்தி கடையில மூணு வருஷம் கல்லுக்கு முன்னாடி நின்னவரு. நான் தினம் அந்தக் கடைக்குச் சாப்பிடப் போவேன். எனக்கு அப்பல்லாம் ஒகோனோமியாகி பிடிக்கவே பிடிக்காது."

மாவு கல்லில் இரண்டு விரல் உயரத்துக்கு வட்டமாக உட்கார்ந்தது. கறி வில்லைகளை மேலே பரப்பினார். கிகுயே கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

"புரட்டினதும் அழுத்திடாதீங்க" என்றாள்.

"அழுத்துவேனா? அழுத்தினா செத்துப் போயிடும் அக்கா." சொல்லிக்கொண்டே புரட்டினார். ஒரு இழைகூடச் சிதறவில்லை. கிகுயேயின் புருவம் உயர்ந்து இறங்கியது. அவளிடமிருந்து அவ்வளவு கிடைப்பதே பெரிது.

சாஸ் தடவி, மயோனைஸைக் கோடு கோடாக இழுத்து, உலர்மீன் சீவலைத் தூவினார். அது சூட்டில் உயிருள்ளது போல நெளிந்தது. கட்டம் கட்டமாக வெட்டி, முதல் துண்டை மிசாவோ முன்னால் தள்ளினார். "சொல்லுங்க, கொஹாரா சான். உண்மையைச் சொல்லணும்."

கடையில் எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். மறு கோடியில் சாப்பிட்டு முடித்த இரண்டு பேரும்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். மிசாவோ ஊதி, மென்று, விழுங்கினாள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மேகம் போல. 'பரவாயில்லை' என்று இழுத்திருக்கலாம். ஊர்ப் பெருமைக்காக முகத்தைச் சுளித்திருக்கலாம். அதற்கெல்லாம் அவசியம் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. நன்றாக இருப்பதை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் தன்னிடமிருந்து எதுவும் குறைந்துபோகாது.

"பிரமாதம்" என்றாள். "சத்தியமாச் சொல்றேன். இன்னொரு துண்டு வெட்டுங்க."

உமேமோட்டோவின் முகம் மலர்ந்தது.

"ஆனா, என் பொண்ணு ஒசாகாவுக்கு வரல."

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. மிசாவோ தொடர்ந்தாள். குரல் கூடவுமில்லை, குறையவுமில்லை. "அவ வேலை இங்க இருக்கு, அவளா சம்பாதிச்ச பேரு இருக்கு. அதை விட்டுட்டு வான்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லக் கூடாது. மத்ததை உங்க பையன் சொல்லணும். ஆகஸ்ட்டிலேர்ந்து தொண்டையிலயே வெச்சிருக்கான், பாவம்."

ஷுன்பே எழுந்து நின்றான். மடியிலிருந்த அப்பாவின் கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அப்பா, நான் பட்டறைக்கு வரல. எனக்கு பாலம்தான் பிடிக்குது. சின்ன வயசுலேர்ந்தே சொல்லணும்னு நினைச்சேன், சொல்லல. தப்பு என்னோடதுதான். சிஹோமேல எதுவும் இல்ல. நாங்க ரெண்டு பேரும் இங்கயே இருக்கோம்."

உமேமோட்டோ திருப்பியைக் கல்லில் வைத்துவிட்டார். "அப்போ பட்டறை? நாப்பது வருஷம்டா! யார்கிட்ட விட்டுட்டுப் போறது? பதினாலு பேர் குடும்பம் இருக்கு. தெருவுல போறவனைக் கூப்பிட்டுச் சாவியைக் குடுக்கவா?"

"நகிசாகிட்ட குடுங்க" என்றாள் ஃபுசாயே.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது. நகிசா ஷுன்பேயின் அக்கா, முப்பத்தாறு வயது. அவள் பட்டறையின் 'அலுவலகத்தைப் பார்த்துக்கொள்வதாக' உமேமோட்டோ எல்லோரிடமும் சொல்லிவந்தார்.

"நகிசாவா? அவ ஆபீஸ்..."

"எட்டு வருஷமா ஆர்டர் பிடிக்கிறது யாரு? போன வருஷம் பெரிய மெஷின் நின்னப்போ ராத்திரி பகலா உள்ள படுத்துக் கிடந்து ஓட வெச்சது யாரு? அந்தப் பதினாலு பேரும் லீவு கேக்கறது யார்கிட்ட? உங்ககிட்டயா?" ஃபுசாயே முத்துமாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பேசினாள். "உங்களைத் தவிர ஊருக்கே தெரியும், பட்டறை யாரோடதுன்னு."

அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்து, எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டுக் கல்லின் ஓரத்து மரப்பலகையில் வைத்தாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"என்னம்மா, அப்பா அங்கயும் சண்டை போட்டுட்டாரா?"

கடையே சிரித்தது. உமேமோட்டோ மட்டும் சிரிக்கவில்லை. போனைப் பார்த்தபடியே நின்றார்.

"நகிசா" என்றார். "ஷுன்பே பட்டறைக்கு வர மாட்டானாம்."

"நல்லதாப் போச்சு. அவனுக்கு திருகாணியை எந்தப் பக்கம் திருப்பணும்னே தெரியாது."

"அப்போ... நீ பாத்துக்குவியா? முழுசா?"

அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரலில் இப்போது கேலி காணாமல் போயிருந்தது. "இதைக் கேக்க எதுக்குப்பா ஹிரோஷிமா வரைக்கும் போனீங்க? நான் அடுத்த ரூம்லதான இருக்கேன்."

உமேமோட்டோ ஆவி அடித்தது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிகுயே ஒரு டம்ளர் பார்லி டீயை அவர் கைக்கு எட்டும்படி வைத்தாள்.

"நாளைக்கே உன் பேருக்கு விசிட்டிங் கார்டு அடிக்கச் சொல்லு" என்றார் கடைசியில். "பேருக்குக் கீழ, முதலாளின்னு."

"போன ஏப்ரல்லயே அடிச்சாச்சுப்பா. உங்க கண்ணுல படாம மேஜைக்குள்ள வெச்சிருக்கேன்."

உமேமோட்டோ மனைவியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"நிறம் தேர்ந்தெடுத்ததே நான்தான்" என்றாள் ஃபுசாயே.

கல்யாணத்தை மே மாதம் வைப்பது என்று அங்கேயே முடிவானது. எங்கே வைப்பது என்பதில் மறுபடியும் இழுபறி. ஒசாகாவில் சொந்தக்காரர்கள் அறுபது பேர் என்றார் உமேமோட்டோ. ரயிலில் ஒன்றரை மணி நேரம்தானே, அறுபது பேரும் ஏறி வரட்டும் என்றாள் மிசாவோ. சிஹோ நடுவில் புகுந்து, இரண்டு ஊரும் வேண்டாம், நடுவழியில் இருக்கும் ஒரு தீவில் வைத்துக்கொள்கிறோம் என்றாள். அதை மறுக்க இரண்டு பேருக்கும் காரணம் கிடைக்கவில்லை. ஷுன்பே மீதியிருந்த ஒசாகா துண்டுகளை வரிசையாகத் தீர்த்துக்கொண்டிருந்தான். மூன்று மாதமாக ஒழுங்காகச் சாப்பிடாதவன் போல இருந்தது அவன் சாப்பிட்டது.

வெளியே வந்தபோது வெயில் இதமாக இருந்தது. மாலை ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. உமேமோட்டோ டாக்சியைத் தேடிப் பாதி வீதிக்குப் போய்விட்டார். ஃபுசாயே மட்டும் நடைபாதையிலேயே நின்று, மிசாவோவின் கையைப் பிடித்தாள்.

"நான் இன்னிக்குப் போகல, கொஹாரா சான்" என்றாள். "அவர் போகட்டும். எனக்கு இந்த ஊரைப் பாக்கணும். உங்க வீட்ல ஒரு படுக்கை போட இடம் இருக்குமா?"

"ரெண்டு படுக்கைக்கு இருக்கு" என்றாள் மிசாவோ. "அவர்கிட்ட யார் சொல்றது?"

"நானே சொல்லிடறேன்." ஃபுசாயே முத்துமாலையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு வீதிக்கு நடுவில் நின்று கையாட்டிக்கொண்டிருந்த கணவரை நோக்கி, வேகமாக, நேராக நடந்து போனாள்.